மயில் கழுத்துச் சேலையும் ஒன்றரை அங்குல மயிலும்

கொடைக்கானல் மலையில் தோகை விரித்து நின்ற மயிலை முதன்முதலில் போட்டோ எடுத்தவன் நான்தான்.

இப்படி ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, ஆரம்பித்துவிட்டேன். இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைக் குளிருக்கு மயில் ஏறி வராது. அதற்கு என்னைவிடப் புத்தி அதிகம். நான் எடுத்தது ஒன்றரை அங்குல உயரமுள்ள பிளாஸ்டிக் மயில். பழனி அடிவாரத்தில் வாங்கியது. அதற்கு ஒரு கால் கிடையாது. மெழுகை உருக்கி ஒட்டித்தான் நிற்க வைத்தேன்.

முதன்முதலில் என்பது மட்டும் உண்மையாக இருக்கலாம். அதை மறுத்துச் சண்டைக்கு வர, அந்தக் காலத்தில் இந்த மலையில் இன்னொரு கிறுக்கன் இருந்ததாகத் தெரியவில்லை.

காலை நேரம். ஏரிக்கரை ஈரப் புல்லில் குப்புறக் கிடக்கிறேன். கன்னம் தரையில். மூக்குக்கு முன்னால் பாசி பிடித்த கல், கல்லின் மேல் மயில், எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பெட்டிக் கேமரா. பனித்தண்ணீர் சட்டையை நனைத்துவிட்டு என் தொப்புளைத் தேடிக்கொண்டிருக்கிறது. தண்ணீரின் மேல் ஒரு மேகம் ஊர்ந்து வருகிறது. அது வந்து மயிலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதற்காகத்தான் மூச்சுவிடாமல் கிடக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து முதுகில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழையோ என்று திரும்பினால் ஒரு வெள்ளைக்காரம்மா. நான் மயக்கம் போட்டு விழுந்துவிட்டேன் என்று நினைத்து, கையிலிருந்த பிளாஸ்க்கைத் திறந்து தெளித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து மயிலைக் காட்டிச் சிரித்தேன். அவள் மயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மிச்சத் தண்ணீரையும் என் தலையில் ஊற்றிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு எடுத்த அந்த ஒரு படத்தால் பூம்பாறையில் ஒரு பெண்ணின் கல்யாணம் தலைகீழாகப் புரளப் பார்த்தது. இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன். குதிரைக்காரர்கள் கதையைப் பாதியில் விட்டீர்களே என்று எழுதிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். குதிரை எங்கும் போகாது. ஏரியைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

காக்காய் வக்கீல்

நான் பள்ளிக்கூடம் போனவன்தான். ஒரே ஒரு நாள். அன்றைக்கு மழை பெய்து கூரை ஒழுகியதால் வாத்தியார் எங்களை வீட்டுக்கு அனுப்பினார். மறுபடி திறந்துவிட்டதாக இன்றுவரை யாரும் எனக்குத் தகவல் சொல்லவில்லை.

நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். எழுதுவது எல்லாம் வீட்டுக்காரி கூப்பிடுகிற வரைக்கும்தான். நான் எழுதி அனுப்புவதை இந்தப் பத்திரிகை ஆபீசில் ஒருத்தர் துவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டு உங்களுக்குத் தருகிறார். சுருக்கம் எங்கேயாவது தெரிந்தால் அது என்னுடையது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கடைத்தெருவில் ஐசக் முதலாளியின் ஸ்டூடியோவில் வேலை. காலையில் ஏரிக்கரையில் கேமராவோடு நிற்க வேண்டும். புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டும். மத்தியானம் இருட்டறையில் படம் கழுவ வேண்டும். முதலாளி என்னை வெளியாட்களிடம் "என் அசிஸ்டென்ட்" என்பார். உள்ளாட்களிடம் "அந்தக் கழுதை" என்பார். இரண்டுக்கும் சம்பளம் ஒன்றுதான்.

முதலாளியின் பெருமை எல்லாம் டச்சிங்கில். நெகட்டிவின் மேல் கூர் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு, முகத்தில் உள்ள மரு, தழும்பு, சுருக்கம் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். உரித்த முட்டை மாதிரி ஆகிவிடும் முகம். எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்ட பெண்கள் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள். தாய், ஐசக் முதலாளி.

எழுதத் தெரியாத எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. கழுவிய படத்தைக் கவரில் போட்டு, யாருடையது என்று மேலே குறிக்க வேண்டும். நான் படம் வரைந்துவிடுவேன். முறுக்கு மீசைக்காரருக்கு மீசை. குடையை மடக்காமலே ஸ்டூடியோவுக்குள் வந்தவருக்குக் குடை. ஓயாமல் பேசிய மதுரை வக்கீலுக்குக் காக்காய்.

முதலாளிக்கும் இது பழகிப்போயிருந்தது. வக்கீல் வந்தபோது அவர் காதுபடவே, "ஏலே மாயாண்டி, அந்தக் காக்கா கவர எடு" என்று கத்தினார். அந்த வக்கீல் அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர், படத்தை வாங்கிக்கொண்டு மலை இறங்கும்வரை பேசவில்லை. என் ஓவியத்தால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

தொப்பிக்காரர்கள்

வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகும்போது வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். அப்படி ஒரு வீட்டில் ஒரு பிஸ்கட் டின் வாங்கினேன். பிஸ்கட் இருக்கும் என்று நினைத்து வாங்கினேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

உள்ளே இருந்தது பிளாஸ்டிக் ஜனங்கள். விரல் உயரம் கூட இல்லை. துப்பாக்கி வைத்த தொப்பிக்காரர்கள், கயிறு வீசுகிறவன், குதிரை, தலை குனிந்து மேய்கிற ஒரு மாடு, முழங்காலிட்ட சிப்பாய். தின்ன முடியாத கோபத்தில் எல்லாரையும் ஜன்னல் ஓரம் வரிசையாக நிறுத்தி வைத்தேன். வெளியே மேகம் வந்து கண்ணாடியில் மோதியது. பார்த்தேன். அந்தத் தொப்பிக்காரன் நிஜமாகவே ஒரு மலை உச்சியில் வழிதவறி நிற்கிற மாதிரி இருந்தது.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

ஒரு ரோலில் பன்னிரண்டு படம் எடுக்கலாம். ஏரிக்கரை ஜோடிகள் ஒன்பது, பத்தோடு திருப்தியாகிவிடுவார்கள், அல்லது அதற்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். மிச்சம் ஒன்றோ இரண்டோ என்னுடையது. முதலாளிக்குத் தெரியாது.

பெட்டிக் கேமராவில் ஆறடி தள்ளி நின்றால்தான் படம் தெளியும். ஆறடியிலிருந்து என் தொப்பிக்காரனை எடுத்தால் எறும்பு தும்மியது போல ஒரு புள்ளி விழும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலாளியின் உடைந்த மூக்குக் கண்ணாடியில் மிஞ்சிய ஒரு சில்லைக் கேமராவின் கண்ணுக்கு முன்னால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். பக்கத்தில் இருப்பது தெளிந்தது. ஆனால் எவ்வளவு பக்கம் என்பது கேமராவில் தெரியாது. ஒரு நூலில் முடிச்சுப் போட்டு, நுனியைத் தொப்பிக்காரனின் மூக்கில் வைத்து அளந்து அளந்து, பாழாக்கிய படங்களுக்குக் கணக்கே இல்லை. முதல் மூன்று மாதம் நான் எடுத்தவர்கள் யாருக்கும் தலை இல்லை.

தலை விழ ஆரம்பித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பைன் மரத்துச் சருகைப் பரப்பினால் காடு. கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றினால் ஏரி. ஒரு முழுப் பூண்டை நட்டுவைத்தால் கோபுரம். நாலு துரைமார்களை வரிசையாக நிறுத்தி ஒரு பூண்டுப் பல்லைத் தூக்கவைத்தேன். எங்கள் ஊரில் துரைமார் சுமை தூக்கி நான் பார்த்தது அந்த ஒரு படத்தில்தான். மேகம் மட்டும் தேவைக்கு அதிகமாகவே கிடைத்தது.

பொம்மைகளைப் படம் எடுப்பதில் ஒரு நிம்மதி உண்டு. அவை கண் சிமிட்டாது. தலை சீவ வேண்டும், இருங்கள் என்று சொல்லாது. என்னை இன்னும் கொஞ்சம் சிவப்பாகக் காட்டுங்கள் என்று கெஞ்சாது.

உள்ளபடி எடுங்க

பூண்டு பிடுங்குகிற பருவத்தில் ஒருநாள் பூம்பாறையிலிருந்து சின்னக்காளை என்கிற, பூண்டு போடுகிற சம்சாரி தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். மகள் பெயர் தவமணி. வயது இருபத்து மூன்று. அந்தக் கால ஊர் வழக்கத்தில் அது கிழவி வயது. மயில் கழுத்துக் கலரில் ஒரு சேலை கட்டியிருந்தாள். நீலமா பச்சையா என்று திரும்பும்போதெல்லாம் சண்டை போடுகிற கலர்.

சின்ன வயதில் அம்மை போட்டுப் பிழைத்தவள். புழுதியில் நாலு துளி மழை விழுந்து நின்றுபோன மாதிரி கன்னத்திலும் நெற்றியிலும் தழும்புகள்.

முதலாளி பார்த்தவுடன் பென்சிலைத் தேடினார். "கவலப்படாதீங்கம்மா. டச்சிங் பண்ணிட்டா ஒரு புள்ளி தெரியாது. நேச்சுரலா இருக்கும்."

"பென்சில் வெச்சா எப்படிங்க நேச்சுரலு?" என்றாள் தவமணி.

சின்னக்காளை பதறினார். "ஏத்தா, சும்மா இரு. அவுகளுக்குத் தெரியாததா?"

"நாலு தடவ தெரிஞ்சுதான போட்டாக? வத்தலக்குண்டுல எடுத்த படத்துல என்னய எனக்கே அடையாளந் தெரியல. படத்தப் பாத்துட்டு வந்தாக. என்னயப் பாத்துட்டுப் போனாக. இந்தத் தடவ உள்ளபடி எடுங்க. வேணாம்னா படத்தப் பாத்தே வேணாங்கட்டும். வாசவரைக்கும் வந்து சொல்ல வேணாம்."

முதலாளி பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். டாக்டர் ஊசியைத் திருப்பி எடுத்துவைத்த மாதிரி இருந்தது அவர் முகம்.

அவள் கண்ணாடி முன்னால் பூவைச் சரிசெய்தபோது சின்னக்காளை என் காதோரம் வந்தார். "தம்பி, நல்லா எடுத்து விடுப்பா. பழனியில பஞ்சாமிருதக் கடைக்காரக. ஜாதகம் பொருந்திருச்சு. இதுவும் தட்டிப்போச்சுன்னா தைக்குள்ள மன்னவனூருக்குக் குடுத்துருவேன்னு வாக்குச் சொல்லிட்டேன்."

"மன்னவனூர்ல மாப்பிள யாரு?"

"ஒறவுதான். பொண்டாட்டி செத்து ரெண்டு வருசம். மூணு புள்ளைக. மூத்ததுக்கும் எம் மகளுக்கும் ஆறு வயசு வித்தியாசம்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் வந்து நின்றாள். பக்கத்தில் இருந்த அட்டைத் தூணில் கை வைக்கச் சொன்னோம், வைக்கவில்லை. நேராகப் பார்த்தாள். கேமராதான் கூச்சப்பட்டது.

பூண்டு வேலை கிடக்கிறது, மறுபடி வர முடியாது, படத்தை நேரே பழனிக்குத் தபாலில் போட்டுவிடுங்கள் என்று சொல்லி, தரகர் கொடுத்த விலாசத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

அவள் படத்தைக் கழுவிக் கவரில் போட்டேன். மேலே என்ன வரைவது? தழும்பை வரையக் கை வரவில்லை. மயில் கழுத்துச் சேலை ஞாபகம் வந்தது. மயில் ஒன்று வரைந்தேன்.

எந்த மயில்?

புத்திசாலிகள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்குத்தான் எட்டு நாள் ஆனது.

அதே நாள் மாலை, என் ஏரிக்கரை மயிலையும் தபால் கார்டு சைசில் பெரிதாக பிரிண்ட் போட்டேன். திருட்டுப் பேப்பர். முதலாளி பார்த்தால் தோலை உரிப்பார் என்று உடனே கவரில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினேன். ஒட்டிய பிறகு உள்ளே என்ன என்று எனக்கே தெரிய வேண்டுமே? மேலே மயில் வரைந்தேன். இந்த மயில் அந்த மயிலைவிட நன்றாக வந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள் தபால் கட்டும்போது முதலாளி கேட்டார். "ஏலே, பூம்பாறைப் பொண்ணு கவர் எது?"

நான் இருட்டறைக்குள்ளிருந்து சொன்னேன். "மயில் போட்டது, மொதலாளி."

அவர் கைக்கு அகப்பட்ட மயிலை எடுத்து, ஓரத்தில் 'பூம்பாறை சின்னக்காளை மகள் தவமணி' என்று அழகான கையெழுத்தில் எழுதி, பழனி விலாசம் போட்டு அனுப்பிவிட்டார். மிச்சம் கிடந்த மயில் என்னுடையது என்று நான் எடுத்துப்போய், பிரிக்காமலே பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன்.

எட்டாம் நாள் சின்னக்காளை ஒரு கோணிப் பை நிறையப் பூண்டோடு ஸ்டூடியோவுக்குள் ஓடிவந்தார். கையில் ஒரு தபால் கார்டு. "மொதலாளி! என்ன படம்யா எடுத்தீக! வாசிங்க, இன்னொரு தடவ வாசிங்க!"

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "மயிலைக் கண்டோம். மனம் நிறைந்தது. இனி நாங்கள் பெண் பார்க்க வரவேண்டியதில்லை. முருகன் உத்தரவு ஆகிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை நேரே பூ வைக்க வருகிறோம்."

"கேட்டீகளா? எம் மகள மயிலுன்னு எழுதியிருக்காக! இருவத்து மூணு வருசத்துல ஒருத்தன் சொன்னதில்ல!" சின்னக்காளை அழுதார், சிரித்தார், பூண்டை எங்கள் காலடியில் கொட்டினார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் லைட்டிங்" என்றார் அடக்கமாக.

நான் பின்பக்கம் போய் டின்னைத் திறந்தேன். கவரைக் கிழித்தேன். உள்ளேயிருந்து தவமணி என்னை நேராகப் பார்த்தாள்.

பூண்டுப் பாத்தியில்

நியாயமாக நான் அந்த நிமிஷமே முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் நியாயமானவனாக இருந்தால் இந்தத் தொடரே இருந்திருக்காது. ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, பூண்டு ஏற்றப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு பூம்பாறைக்குப் போனேன். பயந்தது சின்னக்காளைக்கு. அவர் வீட்டில் இல்லாததைப் பார்த்துத் தைரியசாலி ஆனேன்.

மலைச்சரிவில் படி படியாகப் பாத்திகள். ஒன்றில் தவமணி குனிந்து பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

கேட்டவள் அப்படியே பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாள், சிரிக்கிறாள், அடங்கவில்லை. "மயிலா? பிளாஸ்டிக்கா? ஒத்தக் காலா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சிரித்தாள். சட்டென்று நின்றது.

"அப்ப அவுக என்னயப் பாக்கவே இல்ல."

நான் அறிவாளித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். "பேசாம இருந்துரும்மா. வெள்ளிக்கெழம பூ வெச்சுட்டாப் போதும். அப்புறம் முருகன் பாத்துக்கிருவான்."

"முருகன் பாத்துக்கிருவான். மாமியாக்காரி தெனம் என்னயத்தான பாக்கணும்?"

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"வெள்ளிக்கெழம பத்துப் பேரு தட்டத் தூக்கிக்கிட்டு வருவாக. ஊரே வாசல்ல நிக்கும். அவுக எம் மூஞ்சியப் பாத்துட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாக பாருங்க, அத நாலு தடவ பாத்துட்டேன்ணே. இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பு இல்ல. நீங்க பண்ணுன சோலி இது. வெள்ளிக்கெழமைக்கு முந்தி நீங்களே போயி இந்தப் படத்தக் குடுத்து, உள்ளதச் சொல்லிட்டு வாங்க."

"வேணாம்னு சொல்லிட்டா? மன்னவனூரு…"

"மன்னவனூர்க்காரரு எம் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கேக்குறாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள். அதற்கப்புறம் அவள் பிடுங்கியதில் பாதி பூண்டு, பாதி மண்.

எதிர்க்கடை

வியாழக்கிழமை வெள்ளனே கிளம்பி, வத்தலக்குண்டு சுற்றி, பஸ் மாறி மாறிப் பழனி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வழியெல்லாம் படத்தை ஜன்னல் வழியே பறக்கவிட்டுவிடலாமா என்று யோசித்தேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அதனால் மட்டும்தான் நல்லவனாக இருந்தேன்.

அடிவாரத்தில் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கனிந்த மலைவாழைப்பழமும் நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனை. கல்லாவில் பெரிய பொட்டு வைத்த ஓர் அம்மா. உள்ளே ஒரு பெரிய பாத்திரத்தில், முழங்கை வரை பழக்கூழாக, முப்பது வயது ஆள் ஒருத்தர் பஞ்சாமிர்தம் பிசைந்துகொண்டிருந்தார். அவர்தான் மாப்பிள்ளை தண்டபாணி. இருவருக்கும் மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமத்தோடு கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது என் மயில்.

வீரமாக முன்னால் போய்ச் சொன்னேன். "ரெண்டு டப்பா பஞ்சாமிருதம் குடுங்க."

வாங்கிக்கொண்டும் நகராமல் நின்றேன். "வேற என்ன வேணும் தம்பி?" என்றார் அந்த அம்மா.

"அந்தப் படம்…"

"அதுவா? அவன் அனுப்புனது." கை மேலே மலையைக் காட்டியது. "பையனுக்கு இந்த எடம் அமையுமா, ஒரு உத்தரவு குடுன்னு அவன்ட்ட கேட்டுட்டு எறங்கி வாரேன், தபால்காரன் நிக்கிறான். பொண்ணு படம் வர வேண்டிய கவர்ல மயிலு! கொடைக்கானக் குளுருக்கு மயில் ஏறுமாய்யா? ஆனா மேகத்துக்குள்ள எப்பிடி நிக்குது பாரு. என்ன ஒரு களை!"

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் நான் எடுத்த படத்தைப் பாராட்டுகிறார். எடுத்தவன் நான் என்று சொன்னால் செருப்படி. இப்படி ஒரு யோகம் எந்தக் கலைஞனுக்கும் வர வேண்டாம்.

கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். கவர், மயில் கழுத்துச் சேலை, மெழுகு, எல்லாம்.

கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாவின் கை கல்லாப் பெட்டியின் மேல் அப்படியே நின்றிருந்தது.

"எங்க வாங்குன அந்த மயில?"

சொல்ல வெட்கமாக இருந்தது. விரலை நீட்டினேன். நேர் எதிர்க்கடை. வாசலில் கொத்துக் கொத்தாகப் பச்சை மயில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எதிர்க்கடைக்காரர் வியாபாரம் வருகிறது என்று நினைத்து எழுந்து நின்றார்.

உள்ளேயிருந்து தண்டபாணி சிரித்த சிரிப்பில் பாத்திரம் ஆடியது. "யம்மா, தெனமும் கடையத் தொறந்து வெச்சுக்கிட்டு அதத்தான பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க!"

"சிரிக்காதடா." அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அவன் வந்து நிக்கணும்னா கல்லுல நிப்பான், பிளாஸ்டிக்குல நிப்பான். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. பொண்ணு படம் எங்க?"

எடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்னிடமே நீட்டி, மகன் பக்கம் கண்ணைக் காட்டினார்.

தண்டபாணிக்கு இரண்டு கையும் பழம். நான்தான் படத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ஈ மொய்க்கிறது. படத்தாலேயே விரட்டுகிறேன்.

"ஆட்டாதீகண்ணே. இன்னுங் கொஞ்சம் பக்கத்துல." பார்த்தார். "டச்சிங் பண்ணலையா?"

"அந்தப் பொண்ணு வேணாம்னுருச்சு."

"இதுக்கு முந்தி ஏழெட்டுப் படம் வந்துச்சு. எல்லாம் ஒரே பொண்ணாட்டம் இருந்துச்சு. நேர்ல போனா வேற யாரோ நின்னாக." புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இதுலதான் ஒரு ஆளு தெரியுது."

அவருக்குச் சரி. ஆனால் அந்த வீட்டில் தீர்ப்பு சொல்கிறவர் கல்லாவில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்? அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, நீங்க பேசாம இருந்திருந்தா நாளைக்குப் பூ வெச்சிருப்போம். அப்புறம் தெரிஞ்சாலும் நாங்க வாயத் தொறக்க முடியாது. அந்தப் பொண்ணு ஏன் உன்னய அனுப்புச்சு?"

பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்த நேரம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. பாத்தியில் கேட்டதை அப்படியே சொன்னேன். பத்துப் பேர் வாசலில் நின்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்களாம், அதை இன்னொரு தடவை பார்க்கத் தெம்பு இல்லையாம்.

அந்த அம்மா எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய்விட்டார். நானும் தண்டபாணியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். தவமணி சொன்ன பார்வை இதுதானோ?

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சம்பந்தம் பேசப் போன இடத்தில், முடிவாகாதவரை யாரும் கை நனைக்கமாட்டார்கள். அதாவது சாப்பிடமாட்டார்கள். வேண்டாம் என்று நினைக்கிற வீட்டுக்காரர்களும் சாப்பிடச் சொல்லமாட்டார்கள். ஒரு வாய் சோறு இறங்கினால் பேச்சு உறுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

உள்ளேயிருந்து தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. "ஏப்பா, கொடைக்கானத் தம்பி, எல போட்டாச்சு. வா, கை நனைச்சிட்டுப் போ."

"நான் பொண்ணுக்கு எந்த முறையும் இல்லைங்கம்மா" என்றேன். "போட்டோக் கடையில வேல பாக்குறவன்."

"பொண்ணு வீட்டு ஆளுன்னு வேற யாரு வந்திருக்கா? ஒக்காரு."

காலையிலிருந்து பட்டினி. ஆனாலும் இலையில் சோறு விழுந்ததும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். தண்டபாணி கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே நின்றார். அந்த அம்மா கரண்டியோடு நின்றார். மூன்று பேரும் என் வலது கையையே பார்க்கிறோம். நானும்தான். அதுவரை ஒரு உருப்படியான காரியமும் செய்யாத கை அது. மெதுவாக நீட்டி, குழம்பில் விரலை…

"ஏங்க! காது கேக்கலையா? நனையுது! மாடியில காயப்போட்டதெல்லாம் நனையுது! எழுதிக் கிழிச்சது போதும், வெரசா வாங்க!"